108-க்கு போன் போட்டால் காசு கிடையாது... அப்போ வண்டிக்கு டீசல் போடுவது யார்?

விழுப்புரம்:-

ரோட்டில் விபத்து நடந்து கூட்டம் கூடியதும் யாராவது ஒருவர் செல்போனை எடுத்து 108-க்கு போன் போடுவார். கொஞ்ச நேரத்தில் சைரன் சத்தம் கேட்கும். அடிபட்டவரை ஸ்டிரெச்சரில் தூக்கி வைத்து, ஆக்சிஜன் மாட்டி, ஆஸ்பத்திரியில் கொண்டு போய் சேர்ப்பார்கள். யாரும் பில் நீட்ட மாட்டார்கள்.

ஆனால் அதே நோயாளியை 2 நாள் கழித்து சொந்தக்காரர்கள் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற நினைத்தால் கதை வேறு. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் தனியார் ஆம்புலன்சில் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். "ஆம்புலன்ஸ் இலவசம்னுதானே சொன்னாங்க" என்று கையை பிசைந்து கொண்டு நிற்பவர்களை எந்த ஊர் பெரிய ஆஸ்பத்திரி வாசலிலும் பார்க்கலாம்.

எது இலவசம், எது இலவசம் இல்லை, இலவசமாக ஓடும் வண்டிக்கு பணம் எங்கே இருந்து வருகிறது? இதுபற்றிய விவரம் வருமாறு:-

போன் போட்டதும் என்ன நடக்கிறது?

விக்கிரவாண்டி பக்கத்தில் நின்று கொண்டு 108-க்கு போன் போட்டாலும் அந்த போன் விழுப்புரத்தில் எடுக்கப்படுவது இல்லை. சென்னை தேனாம்பேட்டையில் டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். மாநிலம் முழுவதற்கும் அங்கே இருந்துதான் வண்டி அனுப்புகிறார்கள்.

போனை எடுப்பவர் மாவட்டம், தாலுகா, ஊர், பக்கத்தில் உள்ள அடையாளம் என்று வரிசையாக கேட்பார். 'ஆள் சாக கிடக்கிறான், இவர் தாலுகா கேட்கிறாரே' என்று பலருக்கும் கோபம் வரும். போன் எடுப்பவருக்கு விக்கிரவாண்டியும் தெரியாது, முண்டியம்பாக்கமும் தெரியாது. ஒரே பெயரில் 4 ஊர் இருக்கும் மாநிலம் இது. அதனால்தான் அந்த கேள்விகள்.

இடம் தெரிந்ததும், ஜி.பி.எஸ். மூலம் பக்கத்தில் சும்மா நிற்கும் வண்டி எது என்று பார்த்து தகவல் கொடுப்பார்கள். வண்டியில் 2 பேர் இருப்பார்கள். ஒருவர் டிரைவர். 108-ல் அவரை 'பைலட்' என்று சொல்வார்கள். இன்னொருவர் மருத்துவ உதவியாளர். வண்டி கிளம்பியதும் இவர்களே போன் செய்தவரை கூப்பிட்டு வழி கேட்பார்கள். அதனால் 108-க்கு பேசிவிட்டு செல்போனை அணைத்து விடக்கூடாது.

மருத்துவ உதவியாளர் டாக்டர் கிடையாது. நர்சிங் அல்லது அறிவியல் சம்பந்தப்பட்ட படிப்பு படித்து, பயிற்சி பெற்றவர். சிக்கலான கேஸ் என்றால் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டாக்டரிடம் போனில் கேட்டு மருந்து கொடுப்பார். ஓடும் வண்டியிலேயே பிரசவம் பார்த்தார்கள் என்று அடிக்கடி செய்தி வருவது இவர்களால்தான். 108-க்கு வரும் அழைப்புகளில் விபத்துக்கு ஈடாக கர்ப்பிணிகளின் அழைப்பும் பெரும்பங்கு.

யாருடைய வண்டி?

108 தமிழ்நாட்டில் பிறந்த திட்டம் இல்லை. 2005-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந்தேதி ஐதராபாத்தில் தொடங்கியது. சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் ராமலிங்க ராஜு இதற்காக 'இ.எம்.ஆர்.ஐ.' என்ற அமைப்பை ஏற்படுத்தினார். ஆந்திர அரசு அதனுடன் கைகோர்த்தது.

தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி சேவை தொடங்கியது. உலக வங்கி கடன் உதவியுடன் நடந்து வந்த தமிழ்நாடு சுகாதார திட்டம் மூலம் இது கொண்டு வரப்பட்டது. அதற்கு முன்பு அடிபட்டவரை ஆட்டோவிலோ, மினி லாரியிலோ, போலீஸ் ஜீப்பிலோ தூக்கிப்போட்டு கொண்டு போவதுதான் வழக்கம்.

சேவை தொடங்கி 4 மாதம் கூட ஆகவில்லை. 2009 ஜனவரியில் சத்யம் கணக்கு மோசடி வெடித்தது. ராமலிங்க ராஜு கைதானார். 108 வண்டி நின்று விடுமோ என்ற பயம் அப்போது இருந்தது. பிறகு ஜி.வி.கே. நிறுவனம் பொறுப்பை எடுத்து நடத்தியது. முதலாளி மாறினாலும் ரோட்டில் வண்டி நிற்கவில்லை. காரணம் எளிது. வண்டி ஓட பணம் கொடுத்தது அரசு கஜானா.

இன்றைக்கும் அதே ஏற்பாடுதான். அரசு பணம் கொடுக்கிறது, இ.எம்.ஆர்.ஐ. ஆட்களை வைத்து நடத்துகிறது. வண்டியில் அரசு முத்திரை இருக்கும். உள்ளே இருப்பவர்கள் அரசு ஊழியர்கள் கிடையாது.

வண்டி வாங்குவது லேசு

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. ஆம்புலன்சுக்கு 2 வகை செலவு உண்டு. ஒன்று, வண்டியும் கருவிகளும் வாங்கும் செலவு. இது ஒரு தடவை. இன்னொன்று, தினமும் ஓட்டும் செலவு. டீசல், டயர், ஆக்சிஜன், மருந்து, பஞ்சு, கையுறை, சம்பளம், இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் இதில் வரும். இது நிற்கவே நிற்காது.

முதல் செலவுக்கு பணம் தர எல்லோரும் வருவார்கள். எம்.பி. தொகுதி நிதியில் ஆம்புலன்ஸ் வாங்கலாம். கம்பெனிகள், வங்கிகள், சங்கங்கள் நன்கொடையாக வண்டி தரும். சாவி கொடுப்பார்கள், கொடி அசைப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். அந்த போட்டோ எல்லா பத்திரிகையிலும் வரும். டயர் மாற்றிய போட்டோ எந்த பத்திரிகையிலும் வராது.

எம்.பி. தொகுதி நிதியில் வண்டி வாங்க இடம் உண்டு. ஆனால் அதை ஓட்டும் டிரைவருக்கு சம்பளம் கொடுக்கவோ, மாதாமாதம் டீசல் போடவோ அந்த நிதியை தொட முடியாது. விதி அப்படி. ஏதாவது ஒரு ஆபீஸ் பின்னால், செடி முளைத்து, டயர் காற்று இறங்கி நிற்கும் 'நன்கொடை' ஆம்புலன்சை பார்த்தால், அது கெட்டுப்போன வண்டி என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் ஓட்ட ஆளும் காசும் இல்லாத வண்டியாகத்தான் இருக்கும்.

108 இந்த சிக்கலில் மாட்டாததற்கு காரணம், ஓட்டும் செலவுக்கு பட்ஜெட்டில் வழி வைத்ததுதான். மத்திய அரசின் தேசிய சுகாதார இயக்கத்தில் இதற்கு ஒரு கணக்கு போட்டார்கள். வண்டி வாங்கும் செலவை திட்டம் ஏற்கும். ஓட்டும் செலவில் முதல் ஆண்டு 60 சதவீதம், 2-ம் ஆண்டு 40 சதவீதம், அதற்கு பிறகு 20 சதவீதம் கொடுக்கும். மிச்சம் முழுவதும் மாநில அரசின் தலையில்.

அதாவது வண்டிக்கு வயதாக ஆக டெல்லி பங்கு குறையும். வயதான வண்டிக்குத்தான் ரிப்பேர் அதிகம் என்பது மெக்கானிக் ஷெட் பையனுக்கு கூட தெரியும். அந்த நேரத்தில் சுமை முழுக்க மாநிலத்தின் மேல் வருகிறது. லட்சக்கணக்கான கி.மீ. ஓடிய பழைய வண்டிகளை மாற்ற தாமதமானால், பாதி வழியில் நிற்கும் ஆபத்தும் வருகிறது.

எத்தனை வண்டி வேண்டும்?

1 லட்சம் மக்களுக்கு ஒரு சாதாரண ஆம்புலன்ஸ், 5 லட்சம் மக்களுக்கு வென்டிலேட்டர் உள்ள ஒரு உயர்ரக ஆம்புலன்ஸ் என்பது மத்திய அரசின் கணக்கு.

2011 மக்கள் தொகை கணக்குப்படி தமிழ்நாட்டில் 7 கோடியே 21 லட்சம் பேர். இதன்படி 721 சாதாரண வண்டியும், 144 உயர்ரக வண்டியும் போதும். மொத்தம் 865. ஆனால் தமிழ்நாட்டில் பச்சிளம் குழந்தைகளுக்கான வண்டி, சந்துக்குள் போகும் பைக் ஆம்புலன்ஸ் எல்லாம் சேர்த்து 1,300-க்கும் மேல் ஓடுகின்றன. காகித கணக்கில் தமிழ்நாடு பாஸ்.

ஆனால் விபத்து மக்கள் தொகை பார்த்து நடப்பதில்லை. கள்ளக்குறிச்சி பிரிந்த பிறகு விழுப்புரம் மாவட்டத்தில் சுமார் 21 லட்சம் பேர். கணக்குப்படி 21 சாதாரண வண்டி, 4 உயர்ரக வண்டி போதும். சென்னை-திருச்சி 4 வழிச்சாலையில் ராத்திரி பகலாக போகும் வெளியூர்க்காரர்கள் இந்த 21 லட்சத்தில் சேர்க்கப்படவில்லை. பொங்கல், தீபாவளி நேரத்தில் இந்த சாலையில் போகும் கூட்டத்தை சொல்லவே வேண்டாம்.

இதற்காக தேசிய நெடுஞ்சாலைகளில் சுங்கச்சாவடி நடத்துபவர்களும் ஆம்புலன்ஸ் வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்ற எண்ணும் உண்டு. டோல் கட்டும்போது இதற்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். ஆனால் இந்த எண் பலருக்கு தெரியாது. எல்லோரும் 108-க்கே போன் போடுகிறார்கள்.

ஒரு வண்டிக்கு எத்தனை ஆள்?

108 வேலைக்கு ஆள் எடுக்கும் முகாம் பற்றி அவ்வப்போது அறிவிப்பு வரும். அதிலேயே 12 மணி நேர ஷிப்டு, பகலும் இரவும் மாறி மாறி வேலை என்று போட்டிருக்கும்.

ஒரு ஷிப்டுக்கு 2 பேர். 2 ஷிப்டுக்கு 4 பேர். வார விடுமுறை, சுகம் இல்லாத நாள் எல்லாம் கணக்கு போட்டால் ஒரு வண்டிக்கு 5 பேராவது வேண்டும். இதையே 8 மணி நேர ஷிப்டாக மாற்றினால் 3 ஷிப்டுக்கு 6 பேர், விடுமுறைக்கு ஆள் சேர்த்தால் 7 பேருக்கு மேல் ஆகிவிடும்.

8 மணி நேர வேலை வேண்டும், அரசு ஊழியராக்க வேண்டும், போனஸ் வேண்டும் என்று ஊழியர் சங்கங்கள் கேட்பதும், தீபாவளி நெருங்கும்போது வேலை நிறுத்தம் என்று அறிவிப்பதும், பேச்சுவார்த்தை நடப்பதும் பல ஆண்டாக பார்க்கும் சங்கதி. பண்டிகை நேரத்தில் மிரட்டுகிறார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. 11-வது மணி நேரத்தில், விடியற்காலை 4 மணிக்கு, 100 கி.மீ. வேகத்தில் வண்டி ஓட்டுபவரின் கண்ணை நம்பித்தான் உள்ளே ஒரு உயிர் கிடக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பிறகு

ஆம்புலன்ஸ் வேகமாக வந்தாலும், ஆஸ்பத்திரியில் 'முதலில் பணம் கட்டு' என்றால் எல்லாம் வீண். இதற்கும் வழி செய்யப்பட்டிருக்கிறது.

அடிபட்டு வருபவருக்கு போலீஸ் வழக்கு, எப்.ஐ.ஆர். என்று காத்திருக்காமல் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்று 1989-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லி விட்டது. பரமானந்த் கட்டாரா வழக்கில் வந்த தீர்ப்பு அது.

தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம்-நம்மை காக்கும் 48' திட்டத்தை 2021 டிசம்பர் 18-ந்தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். தொடங்கிய இடமும் இதே சாலையில் உள்ள மேல்மருவத்தூர்தான். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை செலவை அரசு ஏற்கும். தொடங்கியபோது ஒருவருக்கு ரூ.1 லட்சம் வரை என்று வரம்பு வைத்தார்கள். பிறகு வரம்பு உயர்த்தப்பட்டது.

இதற்கு காப்பீட்டு அட்டை வேண்டாம். ரேஷன் கார்டு வேண்டாம். ஒடிசாவில் இருந்து வந்த லாரி கிளீனராக இருந்தாலும், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் போதும். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இது செல்லும். ஆனால் எல்லா தனியார் ஆஸ்பத்திரியும் சேரவில்லை. சேர்க்கும்போதே 'இந்த திட்டத்தில் இருக்கிறீர்களா' என்று ஒரு வார்த்தை கேட்டு விடுவது நல்லது.

மத்திய அரசும் 2025 மே மாதம் நாடு முழுவதற்கும் இதேபோல ஒரு திட்டத்தை அறிவித்தது. விபத்தில் சிக்கியவருக்கு 7 நாள் வரை, ரூ.1½ லட்சம் வரை பணம் கட்டாமல் சிகிச்சை என்பது அதன் விவரம்.

போன் போட்டால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டுமோ என்ற பயம் இன்னும் பலருக்கு போகவில்லை. அந்த பயம் வேண்டாம். 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒப்புதல் கொடுத்த வழிமுறைகளும், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டமும் உதவி செய்பவரை காப்பாற்றுகின்றன. பெயர், விலாசம் சொல்ல கட்டாயப்படுத்த முடியாது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு கிளம்பி விடலாம். அதே 2019 திருத்தத்தில்தான் ஆம்புலன்சுக்கு வழி விடாதவருக்கு 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் அபராதம், இல்லையென்றால் இரண்டும் என்று கொண்டு வந்தார்கள்.

'ரெபர்' என்று எழுதினால்...

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. 2010-ம் ஆண்டு இது வந்த பிறகு பல உயிர்கள் வழியிலேயே போவது குறைந்திருக்கிறது என்று இந்த பகுதி மக்கள் சொல்கிறார்கள். இருந்தாலும் சில கேஸ்களை புதுச்சேரி ஜிப்மருக்கோ, சென்னைக்கோ அனுப்ப வேண்டி வருகிறது.

அரசு டாக்டர் 'மேல் சிகிச்சை தேவை' என்று எழுதி அனுப்பினால் அதற்கும் 108 இலவசம். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஜிப்மர் போக 40 கி.மீ., திரும்பி வர 40 கி.மீ. அங்கே நோயாளியை ஒப்படைத்து, ஸ்டிரெச்சரை திரும்ப வாங்கி, வண்டியை கழுவி கிளம்ப நேரம் ஆகும். அதுவரை அந்த வண்டி நின்ற இடம் காலி. அந்த நேரத்தில் அங்கே விபத்து நடந்தால் அடுத்த ஊரில் இருந்துதான் வண்டி வர வேண்டும். '108-க்கு போன் போட்டும் அரை மணி நேரம் வரவில்லை' என்ற புகார்களுக்கு பின்னால் பல சமயம் இதுதான் காரணமாக இருக்கும்.

டாக்டர் எழுதாமல், 'நாங்களே வேறு இடத்துக்கு கொண்டு போகிறோம்' என்று குடும்பத்தார் முடிவு செய்தால் 108 வராது. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு போகவும், ஸ்கேன் எடுக்க போய் வரவும் வராது. அங்கேதான் தனியார் வண்டிகளுக்கு வேலை.

ஆட்டோவுக்கு பர்மிட் உண்டு, மீட்டர் கட்டணம் உண்டு. மோட்டார் வாகன சட்டப்படி ஆம்புலன்சாக மட்டும் ஓடும் வண்டிக்கு பர்மிட்டே தேவை இல்லை. அவசரத்துக்கு ஓடும் வண்டியை காகிதத்தில் கட்டிப்போட வேண்டாம் என்று நல்ல எண்ணத்தில் கொடுத்த சலுகை இது. ஆனால் கட்டணத்தை கட்டுப்படுத்த பர்மிட் என்ற பிடியும் இல்லாமல் போனது. வாசலில் கேட்பதுதான் ரேட்டு.

கொரோனா 2-வது அலையில் இந்த ரேட்டு எங்கேயோ போனபோது, 2021 மே மாதம் தமிழக அரசு தனியார் ஆம்புலன்சுகளுக்கு கட்டணம் நிர்ணயித்தது. முதல் 10 கி.மீ.க்கு சாதாரண வண்டி ரூ.1,500, ஆக்சிஜன் வண்டி ரூ.2,000, வென்டிலேட்டர் வண்டி ரூ.4,000. அதற்கு மேல் ஒவ்வொரு கி.மீ.க்கும் முறையே ரூ.25, ரூ.50, ரூ.100.

இந்த கணக்கில் முண்டியம்பாக்கத்தில் இருந்து ஜிப்மருக்கு 40 கி.மீ. போனால் சாதாரண வண்டிக்கு ரூ.2,250 வரும். வென்டிலேட்டர் வண்டிக்கு ரூ.7 ஆயிரம். அது கொரோனா காலத்து கட்டணம். அதற்கு பிறகு டீசல், சம்பளம் எல்லாம் மாறி இருக்கிறது. என்றாலும் பேரம் பேசும்போது மனதில் வைத்துக்கொள்ள ஒரு அளவுகோல். வண்டியில் ஏறும் முன்பு இன்னொன்றும் பார்க்க வேண்டும். வென்டிலேட்டர் ரேட்டு கேட்பவரின் வண்டியில் வென்டிலேட்டர் வேலை செய்கிறதா, அதை இயக்க தெரிந்த ஆள் கூட வருகிறாரா?

மற்ற எண்கள்

அரசு ஆஸ்பத்திரியில் குழந்தை பெற்ற தாயையும் சேயையும் வீட்டில் கொண்டு விட தனி வண்டி உண்டு. 102-க்கு போன் செய்ய வேண்டும். இதற்கும் காசு கிடையாது.

108-ல் இறந்தவர் உடலை ஏற்ற மாட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவரின் உடலை சொந்த ஊருக்கு கொண்டு போக இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. இதற்கான எண் 155377. பிணவறை வாசலில் அழுது கொண்டு நிற்பவர்களிடம் இந்த எண்ணை யாரும் சொல்வதில்லை. அதற்குள் வேறு யாராவது வந்து ரேட்டு பேசி முடித்து விடுகிறார்கள். ஆஸ்பத்திரி நர்சிடமோ, பிணவறை ஊழியரிடமோ 'அமரர் ஊர்தி வேண்டும்' என்று கேட்டால் அவர்களே சொல்லி வரவழைப்பார்கள். ஒரே நேரத்தில் பல இடத்தில் தேவைப்பட்டால் வண்டி வர நேரம் ஆகலாம்.